தண்ணீர்த் தொட்டி மூலையில் கிடைத்த வெள்ளி

செப்டம்பர் 1, ஞாயிறு

நிலக்காரர் ராண்டல் தன் பார்லிப் பயிரை அறுத்துவிட்டார். இனி வசந்தகால உழவு வரைக்கும் கீழ்வயல் எங்களுடையது. மெட்டல் டிடெக்டரோடு பழங்காசு தேட எனக்கும் ஹோரஸுக்கும் சேர்த்து அவர் கொடுத்த அனுமதி அது. ஒருவரை விட்டு ஒருவர் போவதில்லை என்று பல வருடப் பழக்கம்.

இன்று எனக்கு ஒரு பெல்ட் கொக்கி, இரண்டு பித்தளைப் பொத்தான். அவருக்கு ஒன்றுமில்லை.

"இந்த வயலுக்கு என்னைப் பிடிக்கல மேவிஸ். ரெண்டு வருஷமா ஒரு வெள்ளி கண்ல காட்டல," என்றார்.

வயல் என்ன செய்யும்? காதுதான். மண்ணுக்குள் இரும்பு இருந்தால் டிடெக்டர் கர்ரென்று உறுமும். வெள்ளி என்றால் மெல்லிய உச்சக் குரலில் கூவும். எழுபத்தாறு வயதில் அந்த உச்சக் குரல் அவருக்குக் கேட்பதில்லை. அடுப்பு மணி அலறி அலறி ரொட்டி கருகினாலும் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் இதை அவரிடம் சொன்னதில்லை. ஏன்? சரி, இங்கேயாவது எழுதுகிறேன்: அவர் நடந்துபோன தடத்திலேயே பின்னால் நடந்து, சென்ற வருடம் இரண்டு வெள்ளிக்காசு எடுத்தேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன்.

கீழ்வயல் மூலையில், மாடுகளுக்கான பழைய தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் ஹோரஸ் நின்றுவிட்டார். "இங்க வா மேவிஸ். ஏதோ லேசா துடிக்குது, சரியா பிடிபடல. உன் காதை வச்சுப் பாரு." ஹெட்போனைக் கழற்றி அவரே என் தலையில் மாட்டினார்.

கூவியது. டிடெக்டரை இந்தப் பக்கம் வீசினாலும் கூவல், அந்தப் பக்கம் வீசினாலும் கூவல். அப்படி ஒன்றை நான் கேட்டதே இல்லை.

"ஆணி," என்றேன். "துருப்பிடிச்ச ஆணி. விடுங்க."

"அதானே பார்த்தேன்," என்று சிரித்தார். தொட்டியில் கையைக் கழுவிவிட்டு மேலே நடந்தார்.

வாய் முந்திக்கொண்டது. ஆனால் பிறகு திரும்பக் கூப்பிட எவ்வளவு நேரம் இருந்தது! கூப்பிடவில்லையே. அவர் கண்டெடுத்த தங்க ஊசியின் படம் சட்டம் போட்டு பப்பில் தொங்குகிறது. அதே பப்பில் என் பெயர் 'பொத்தான் ராணி'. ஒவ்வொரு தடவையும் நானும் சேர்ந்துதான் சிரிக்கிறேன். வயிறு எரியும்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தபால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன்.

ஒரு முழங்கூட இல்லை, காசு வந்துவிட்டது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். ஒரு பக்கம் சுருட்டை முடியோடு ராஜா, மறுபக்கம் சிலுவை. பிறகு இன்னொன்று. பிறகு ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு கொத்து, உடைந்த பானையின் விளிம்பு. சில்லறைக்காக யாரோ சிலுவைக் கோட்டிலேயே பாதி பாதியாக வெட்டிய துண்டுகளும் இருந்தன. எண்ணூறு வருடத்துக்கு முன்பு பதுக்கியவர் திரும்பி வரவே இல்லை.

அதற்கு மேல் தோண்டவில்லை. மண்ணை மூடிவிட்டு அருங்காட்சியகத்துக்குப் போன் செய்தேன். புதையல் கிடைத்தால் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்; அதன்படி எல்லாமே சரியாகச் செய்தேன். அங்கே வேலை பார்க்கும் ஃப்ரேயா, "கண்டுபிடிச்சது யாருங்க?" என்று கேட்டாள்.

"நான்தான்."

செப்டம்பர் 11, புதன்

ஹோரஸிடம் சொன்னேன். "தனியாப் போனியா, கள்ளி!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 14, சனி

ஃப்ரேயாவும் ஆட்களும் வந்து கூடாரம் போட்டார்கள். பானையைச் சுற்றியுள்ள மண்ணோடு அப்படியே பெயர்த்துத் துணி சுற்றி எடுத்தார்கள். ஹோரஸ் எல்லாருக்கும் பன்றிக்கறி அடைத்துச் சுட்ட பேஸ்ட்ரியும் டீயும் கொண்டுவந்திருந்தார். "எங்க மேவிஸ் காது பாம்புக் காது!" என்று கல்யாண வீட்டுக்காரர் போல் பெருமையாகத் திரிந்தார்.

திடீரென்று தொட்டியைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். "ஏ மேவிஸ், இங்கதானே உன்னைக் கூப்பிட்டேன்? ஆணின்னியே?"

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது மேல்வேலி ஓரம். மறந்துட்டீங்களா?"

"தொட்டியில கை கழுவினேனே..."

"அது போன வருஷம் ஹோரஸ்."

அவர் முகம் போன போக்கு. கையிலிருந்த பேஸ்ட்ரியைப் பார்த்தார், யார் கொடுத்தார்கள் என்று தெரியாதவர் மாதிரி.

செப்டம்பர் 22, ஞாயிறு

மழை. பப்பில் எனக்காகக் கை தட்டினார்கள். ஹோரஸ் கோப்பையைத் தூக்கிப் பிடித்தார். என் பீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

அரசு கொடுக்கிற வெகுமதியில் நிலக்காரருக்குப் பாதி போக, என் பங்கை ஹோரஸுக்குக் கொடுத்துவிடலாமா? ஏன் என்று கேட்டால்?

அக்டோபர் 5, சனி

தபால் கொடுக்கப் போன இடத்தில் ஹோரஸின் மகள் லின் கேட்டருகே நிறுத்தினாள்.

"அப்பாவுக்கு ஞாபகம் தப்புது மேவிஸ். போன வருஷம் நடந்ததைப் போன வாரம் நடந்ததா நினைச்சுக்கறாராம். அவரே சொல்லி அழுதார். பாட்டிக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது? வேன் சாவியை என்கிட்டயே கொடுத்துட்டார். டாக்டரைப் பார்க்கப் போறோம். நீங்க எப்பவும் கூட இருக்கீங்களே, ஏதாவது கவனிச்சீங்களா?"

"கொஞ்சம்," என்றேன்.

கொஞ்சமாம்! இந்த வாய் புழுத்துப் போகாதா? நான் மனுஷிதானா?

அக்டோபர் 6, ஞாயிறு

கடை ஜன்னலில் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஹோரஸ் டிடெக்டரை விற்கிறார்.

அக்டோபர் 9, புதன்

போனேன். அவர் அடுப்பில் பேக்கன் இறைச்சி வதக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"தொட்டிப் பக்கம்தான் ஹோரஸ். நீங்க சொன்னதுதான் சரி. வெள்ளின்னு தெரிஞ்சேதான் ஆணின்னேன்."

அடுப்பை அணைத்தார். "அப்ப... எனக்கு மறதி இல்லையா?"

"காதுதான் போச்சு. உச்சத்துல கூவறது உங்களுக்குக் கேக்கல. ரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். புத்தி கத்தி மாதிரி இருக்கு."

நாற்காலியில் விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "எனக்கு ஒண்ணுமில்ல! லின்னுக்குச் சொல்லணும்!" அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து நானும் சிரித்துத் தொலைத்தேன், முட்டாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எங்கம்மா சாகும்போது நான் யாருன்னே அவளுக்குத் தெரியல. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னை இத்தனை நாள் நடுங்க விட்டுட்டியே. காசு கிடக்கட்டும், சனியன். அதைக் கேட்டிருந்தா நானே கொடுத்திருப்பேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "போ மேவிஸ்."

பேக்கன் வாசனை இன்னும் கோட்டில் இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஃப்ரேயாவிடம் சொல்லிவிட்டேன், ராண்டலிடமும். கண்டெடுத்தவர் ஹோரஸ் டில்லட்சன் என்று மாற்றி எழுதிக்கொள்வார்கள். பப்பில் என் மேசைக்கு யாரும் வரவில்லை. பொத்தான் ராணி என்றுகூட யாரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

ராண்டல் வந்தார். ஹோரஸ் கடை ஜன்னல் சீட்டைக் கிழித்துவிட்டாராம். காதுக்குக் கருவி மாட்டியிருக்கிறாராம். "குருவி கத்துறதைப் பத்தியே பேசி உயிரை எடுக்கறார்" என்றார். பிறகு தொப்பியைத் திருகிக்கொண்டே, "கீழ்வயலுக்கு சனிக்கிழமை அவர், ஞாயிறு நீங்களாம். சொல்லச் சொன்னார்."

நவம்பர் 3, ஞாயிறு

தனியாகப் போனேன். நேற்று அவர் தோண்டி மூடிய இடங்கள் வயல் முழுக்க. இப்போது எல்லாம் கேட்கிறது அவருக்கு.

தொட்டிப் பக்கத்தில் ஒரு குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தது. டிடெக்டரை அதன் மேல் வீசினேன். கர்ர். இரும்பு. சந்தேகமே இல்லை. ஆனாலும் தோண்டினேன்.

அவர் வெள்ளி போட்டு வைக்கும் சின்ன வட்ட டப்பா. உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் துருப்பிடித்த ஆணி ஒன்று.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். திட்டுகிறாரா, கேலி செய்கிறாரா? மனிதர் இதற்காக ஒரு ஆணியைத் தேடி, பஞ்சு வைத்து, நேற்றைய மழையில் குனிந்து புதைத்திருக்கிறார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வரும் சனிக்கிழமை கேட் அருகே டீயோடு நிற்கப் போகிறேன், இரண்டு கோப்பை. வேண்டாம் என்றால் அவரே வாயால் சொல்லட்டும்.