பொருள் வருவதற்கு முன் போட்ட கையெழுத்து

ஜூன் 4, வியாழன்

காலை ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரடங்குக்கு அப்புறம் பஸ் ஓட ஆரம்பித்து நாலாவது நாள். சீர்காழி – தஞ்சாவூர், போக வர ஒரு நடை. பாதி ஸீட்டுக்குத்தான் ஆள் ஏற்றணும். எல்லாருக்கும் மாஸ்க் தாடையில்.

டிக்கெட் மெஷின் ரிப்பேர். மறுபடி பழைய கட்டு டிக்கெட். முப்பது வருஷமாக விரலை நாக்கில் தொட்டுத்தான் கிழித்திருக்கிறேன். சோடா மூடியில் ஈர ஸ்பாஞ்ச் வைத்துக்கொண்டேன். பிரயோஜனமில்லை, கை தானாக வாய்க்குப் போகிறது. டிரைவர் கலியமூர்த்தி கண்ணாடியில் பார்த்துவிட்டான். "அண்ணே, நாக்கு." அப்புறம் அவனே ஓர் ஏற்பாடு செய்தான். நான் நாக்கைத் தொட்டால் அவன் ஒரு ஹாரன். கும்பகோணம் போவதற்குள் பதினொரு ஹாரன். ரோட்டில் ஆடுகூட இல்லை. ஒரு பாட்டி கேட்டது, "யாருக்குத்தான்யா அடிக்கிற?"

காலையில் வருகைப் பதிவோடு ஒரு புது ரிஜிஸ்டரையும் நீட்டினார் டைம் கீப்பர். பாதுகாப்பு உடை, கையுறை, கண் கவசம், மாஸ்க் பத்து – பெற்றுக்கொண்டேன். "எங்க சார் பொருள்?" "போடுங்க சார், வந்துக்கிட்டு இருக்கு." போட்டேன். டிப்போவில் இது புதுசில்லை. யூனிஃபார்ம் துணிக்கு சித்திரையில் கையெழுத்து, தீபாவளிக்குத் துணி. கலி.யும் எனக்குக் கீழே போட்டான்.

சாயங்காலம் கேட் மீட்டிங். ரா.மா. பேசினார் (ராஜமாணிக்கம், எங்கள் சங்கக் கிளைச் செயலாளர். நான் துணைச் செயலாளர், பேருக்கு). "பாதுகாப்பு இல்லாம ஒரு சக்கரம்கூட உருளாது." கைதட்டல். கலி. எழுந்து கேட்டான்: "டிரைவர் ஸீட்டுக்குப் பின்னால ஒரு பிளாஸ்டிக் தடுப்பாவது போட்டுத் தருவாங்களா தலைவரே? எல்லாரும் என் பிடரிக்குப் பின்னாலதான் இருமுறாங்க." சிரிப்பு. ரா.மா.வும் சிரித்தார். "பேசியாச்சுப்பா" என்று சொல்லும்போது வேப்பமரத்தைப் பார்த்தார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. டிக்கெட் எடுக்காதவன் எப்போதும் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்ப்பான். ஆயிரம் பேரை அப்படிப் பிடித்திருக்கிறேன்.

ஜூன் 7, ஞாயிறு

கோயில் இன்னும் பூட்டிக்கிடக்கிறது. என் வீட்டுக்காரி கிரேஸ் செல்போனைச் சாமான் அலமாரியில் சாத்தி வைத்து ஆராதனை கேட்டாள். முடியும்வரை நின்றே கேட்டாள். நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். சுகர் முந்நூற்றுச் சொச்சம்.

வந்தவை: துணி மாஸ்க் 1. நீல நிறத் தண்ணீர் அரை பாட்டில் (மணமே இல்லை, சந்தேகம்).
வராதவை: மீதி எல்லாம்.

கலி. தானே ஒரு தடுப்பு கட்டிவிட்டான். நெல் காயவைக்கிற பழைய தார்ப்பாயில் ஒரு துண்டு, நாலு மூலையிலும் சணல். நெல் வாசனை அடிக்கிறது என்றேன். "நல்லதுதானண்ணே, மூக்குக்கு." அவன் அப்பா அம்மா ஊரான் வயலில் நட்டவர்கள். அந்த வீட்டில் முதல் அரசாங்கச் சம்பளம் இவனுடையது. அதனால் வண்டியைச் சொந்த மாடு மாதிரி துடைப்பான்.

ஜூன் 9, செவ்வாய்

தார்ப்பாயைப் பிய்த்துப் போட்டுவிட்டார்கள். "வண்டி அசிங்கமா இருக்காம்." யார் சொன்னது? தெரியாதாம். தார்ப்பாயைச் சுருட்டி எங்கள் வீட்டுக் கொல்லையில் போட்டேன். ரா.மா.விடம் போனேன். "இதெல்லாம் பெரிசு பண்ணாத எபி. நேரம் சரியில்ல."

யாருக்கு நேரம் சரியில்லை? ரா.மா. மகன் மஸ்கட்டில். ஸ்பெஷல் பிளைட்டில் வருகிறானாம் என்று கேண்டீனில் பேச்சு. தனிமை முகாமுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வர மேனேஜர் தயவு வேண்டியிருக்குமோ? இருக்கும். குறித்து வைக்கிறேன்.

ஜூன் 10, புதன்

போர்டில் புது சார்ட். ஏர்போர்ட் ஸ்பெஷல். திருச்சியில் இறங்குகிற வெளிநாட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து முகாம்களில் விடணும். எட்டு வண்டி.

கலியமூர்த்தி பேர் இருக்கிறது. என் பேர் இல்லை. என் இடத்தில் ரிசர்வ் கண்டக்டர் ஒருவர். பத்தொன்பது வருஷமாக நாங்கள் ஜோடி. ஜோடியைப் பிரித்து டூட்டி போட்டதே கிடையாது. சார்ட் எழுதுவது ஆபீஸ் என்று பேர், பென்சிலில் குறித்துக் கொடுப்பது சங்கம். எல்லாருக்கும் தெரியும்.

புரிந்துவிட்டது. தடுப்பு கேட்டவனுக்குத் தண்டனை. நான் கூட இருந்தால் கேள்வி கேட்பேன், அதனால் என்னைக் கழற்றிவிட்டார்கள். நேரே கேட்டேன். ரா.மா. சொன்னது: "எல்லாம் ரொட்டேஷன். உனக்கும் வரும்." வேப்பமரம்.

இந்த மனுஷனோடு ஒரு ஸ்டிரைக்கில் ஜெயிலில் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறேன். போலீஸ் அடித்தபோது என் மேல் குப்புற விழுந்து அடி வாங்கியவர். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஜூன் 14, ஞாயிறு

மேட்டூர் திறந்தாச்சு. கிரேஸின் தம்பி வாய்க்கால் தூர் வாரவில்லை என்று போனில் அரை மணி நேரம் புலம்பல்.

டிப்போ பைப்படியில் கலி.யைப் பார்த்தேன். இரண்டாவது ஸ்பெஷல் முடித்து வந்திருந்தான். கவச உடை? "ஏர்போர்ட்ல வர்றவங்க போட்டிருக்காங்கண்ணே. நமக்கு இல்ல." ஒரு பயணி குவைத்திலிருந்து அஞ்சு வருஷம் கழித்து வருகிறவராம். டிரைவர் ஸீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, கல்லணை ரோட்டில் ஆற்றைப் பார்த்ததிலிருந்து மாஸ்க்கைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டே வந்தாராம். "மாட்டுங்கன்னு எப்படிண்ணே சொல்றது?"

என் வண்டிக்கு இப்போது வேறு டிரைவர். நல்ல மனுஷர். ஹாரன் அடிக்க மாட்டார். இன்று எத்தனை தடவை நாக்கைத் தொட்டேன் என்று எனக்கே தெரியாது.

ஜூன் 17, புதன்

கலி.க்கு நேற்றிலிருந்து காய்ச்சல். இன்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டி தமிழரசி போன் பண்ணினாள். "பாசிட்டிவ்னு சொல்லிட்டாங்கண்ணே. வீட்டு வாசல்ல தகரம் அடிக்கிறாங்க." பின்னால் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது.

ரா.மா. மகன் வரவில்லை. வேலை போய், டிக்கெட்டும் கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறான். நான் 9-ஆம் தேதி எழுதியது தப்பு. அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூன் 19, வெள்ளி

ரா.மா. வீட்டுக்கே வந்தார். மாஸ்க், கையுறை, எல்லாம் பளபளவென்று. அவருக்கு மட்டும் பொருள் வந்துவிட்டது போல.

கையில் டைப் அடித்த காகிதம். 'ஓட்டுநர் கலியமூர்த்திக்குப் பாதுகாப்பு உடை, கையுறை வழங்கப்பட்டது. அவர் அணியத் தவறினார்.' கீழே சங்கச் செயலாளர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. துணைச் செயலாளர் என்ற இடம் காலி.

"மேல கேட்டிருக்காங்க எபி. பொருளைப் பிரிச்சுக் கொடுக்கிற பொறுப்பைச் சங்கம் எடுத்துக்கிட்டோம். வரலைன்னு சொன்னா நம்ம தலைதான் உருளும்."

"வரலைதானே தலைவரே?"

"அவனே வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டிருக்கான். நீயும்தான். இது அவனுக்கு ஒரு மெமோவோட போயிடும்."

போகாது. டூட்டியில் வந்த நோய் இல்லை, அவனாக வரவழைத்துக்கொண்டது என்று ஆகிவிடும். உயிருக்குப் போராடுகிறவன் வேலைக்கும் சேர்த்துப் போராடணும். சொன்னேன். ரா.மா. எங்கள் வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு திரும்பி, முதல்முறையாக என்னை நேராகப் பார்த்து, "லிஸ்ட்ல இருந்து உன் பேரை எடுத்தது யாருன்னு நெனச்ச? தங்கச்சி போன்ல அழுதாங்க. உனக்காகத்தானப்பா செஞ்சேன்" என்றார்.

கிரேஸ் அடுப்படி நிலையில் நின்றுகொண்டிருந்தாள்.

அவர் போன பிறகு கத்தினேன். அவள் கத்தவில்லை. "உங்களுக்கு சுகர் முந்நூறு. நான் கேப்பேன். யார்கிட்ட வேணாலும் கேப்பேன். கலியமூர்த்தியைப் போடுங்கன்னு நான் சொல்லல. உங்க பேரை எடுங்கன்னு மட்டும்தான் சொன்னேன்."

ஊரெல்லாம் சந்தேகப்பட்டேன். மேனேஜர், டைம் கீப்பர், மஸ்கட்டில் சாப்பாட்டுக்கு அல்லாடுகிற பையன்வரை. சொந்த வீட்டை மட்டும் செக் பண்ணவில்லை. டிக்கெட் எடுக்காமல் உட்கார்ந்திருந்தது நான்தான்.

ஜூன் 20, சனி

காலை கலி.யே போன். மூச்சு வாங்குகிறது, ஆனாலும் சிரிக்கிறான். "நாக்கு வைக்கிறீங்களாண்ணே?"

"இல்லடா" என்று பொய் சொன்னேன்.

"நீங்க லிஸ்ட்ல இல்லாததுதான் நல்லதாப் போச்சு. உங்க சுகருக்குத் தாங்காது."

தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா? நாலு தடவை யோசித்துப் பார்த்தேன். தெரிந்துதான் சொல்லியிருப்பான். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. வெட்கமாக இருக்கிறது.

டிப்போவில் ரிஜிஸ்டரைப் புரட்டினேன். என் கையெழுத்து, அதற்குக் கீழே அவனுடையது. அவன் வாங்கவில்லை என்றால் நான் போட்டதும் பொய். மெமோ எனக்கும் வரும். ரிட்டயராக ஒன்றரை வருஷம். இதையும் யோசித்தேன், இங்கே எழுதி வைக்கிறேன்.

மருந்து: சாயங்காலம் மறந்துவிட்டேன்.

ஜூன் 22, திங்கள்

கலி.க்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார்களாம். இனி போன் பேச முடியாது என்று தமிழரசி சொன்னாள்.

சங்க ஆபீஸுக்குப் போனேன். மின்விசிறி, பழைய போஸ்டர்கள், அந்த ஜெயில் போட்டோ. ரா.மா. மேஜையில் இருந்த அந்த டைப் அடித்த காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினேன்: 'எந்தப் பொருளும் தரப்படவில்லை. நானும் வாங்காமலே கையெழுத்துப் போட்டேன். ஸ்பெஷல் டூட்டியிலிருந்து என் பேரை வேண்டுகோளின் பேரில் நீக்கினார்கள். – எபினேசர், நடத்துநர்.' துணைச் செயலாளர் என்று போடவில்லை.

ரா.மா. இரண்டு தடவை படித்தார். "உனக்குப் போய்ச் செஞ்சேன் பாரு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நொந்துபோய்ச் சொன்னார். கிழித்துவிடுவார் என்று சந்தேகம் இருந்தது. அதனால் முன்னாலேயே போஸ்ட் ஆபீஸ் பக்கத்துக் கடையில் இன்னொன்று எழுதி மேலிடத்துக்கு ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டேன். அவரிடம் அதைச் சொல்லவில்லை.

மதியம் மூணு மணிக்குப் புது சார்ட். நாளை காலை ஆறு மணி, ஏர்போர்ட் ஸ்பெஷல். முதல் பேர் நான்.

கிரேஸிடம் சொன்னேன். கொல்லையிலிருந்து தார்ப்பாயை எடுத்து வந்து, கழுவி, தையல் மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வரைக்கும் ஒரு அங்கி. கழுத்துக்கு நாடா. போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டேன். அப்போதுதான் அழுதாள்.

ஜூன் 23, செவ்வாய்

மணி 6.40. டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். லேசான தூறல். அங்கிக்குள் புழுக்கம்.

டைம் கீப்பர் ரிஜிஸ்டரை நீட்டினார். "போடுங்க சார், பொருள் வந்துக்கிட்டு இருக்கு."

"வரட்டும் சார். இருக்கேன்."

"வண்டி லேட்டாவுது."

"ஆமா."

பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியைவிட்டு இறங்கி என்னைப் பார்த்தார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார். அடுத்த வண்டிக்காரர்கள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். என்னைப் பார்க்காமல் போனார்கள். மூணாவது ஆள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். போடுவாரா என்று தெரியவில்லை.

ரா.மா. கேட் பக்கம் வந்து நிற்கிறார். இந்தப் பக்கம்தான் பார்க்கிறார்.

தமிழரசியிடமிருந்து மூணு மிஸ்டு கால். இதை எழுதி முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று இருக்கிறேன். பயமாக இருக்கிறது, அதனால்தான் எழுதிக்கொண்டே இருக்கிறேன்.

பக்கம் முடிந்துவிட்டது. புரட்ட விரலை நாக்கில் தொட்டுவிட்டேன். ஹாரன் இல்லை.