வெயிலரங்கத்தார் முதுகு காட்டிய வழக்கில் விடுத்த மாற்றோலை

செவ்வாறு வற்றாதிருக்க. அதன் இரு கரையும் விளைக. கரையில் வாழும் குடிகள் பசியும் பகையும் அறியாதிருக்க.

ஆற்றுத்துறையில் துஞ்சிய பெருமன்னர் வேங்கைமாறர்க்கு ஒரே மகளாய்ப் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் முடி தாங்கி, பதினெட்டு ஆண்டாய்ச் செவ்வாற்று நாடு காத்து வரும் கோமகள் வேங்கைமாதேவி, எயிற்குறிச்சிக் கோட்டைக்குக் காவல் பூண்ட தண்டநாயகர் எயினன் பூதி காண விடுக்கும் ஓலை. உமக்கும் உம் கோட்டைக்கும் உம் வாளைத் தொழும் வீரர்க்கும் நலம் உண்டாகுக. எமக்குரிய மற்றைப் பட்டங்கள் பதினொன்றையும் முறைப்படி எழுத வேண்டும் என்று ஓலைநாயகன் மன்றாடினான். நேரமில்லை, விடு என்றோம்.

முதற்கண் கட்டளை. கூத்தன் குன்றன் தலை கொள்ளப்படலாகாது. உம் ஊர்க் கூத்தரங்கான வெயிலரங்கத்தின் ஒரு கல்லும் பெயர்க்கப்படலாகாது. மூன்றாம் பிறையன்று நாம் விடுத்த ஓலையை இவ்வோலையால் மறுக்கிறோம்.

அம்முன்னோலையில் நாம் எழுதியது எமக்கு மறக்கவில்லை. ஏழாம் பிறை உச்சிப்பொழுதில் குன்றனை, அவன் எம் தந்தையாராய் வேடம் புனைந்து விழுந்த அதே மேடையில் நிறுத்தித் தலை கொள்க என்றும், அரங்கை இடித்து நிரவுக என்றும், கேள்வி கேளாது செய்க என்றும் எழுதினோம். இன்று ஆறாம் பிறை, முற்பகல். இவ்வோலை கொணர்பவன் மூன்றிடத்தில் குதிரை மாற்றி, எங்கும் அமர்ந்து உண்ணாமல் வருவான். ஆயினும் நாளை உச்சிக்கு முன் உம் கையில் சேருமா என்பதை நாம் அறியோம். இட்ட பணியை இமைப்பொழுதும் தாழ்த்தாதவர் என்று உம்மை இந்த அவையில் எத்தனையோ முறை புகழ்ந்திருக்கிறோம். இன்று காலை முதல் அக்குணத்துக்கே அஞ்சுகிறோம்.

காரணம் கேட்கும் வழக்கம் உமக்கில்லை. ஆனால் உம் அருகே எம் பிரதிநிதியாய் நிற்கும் காடன் அரையன் கேட்பான். ஆகவே நிகழ்ந்ததை முறையாக எழுதுவிக்கிறோம். இருவரும் ஒருங்கே இருந்து இதைக் கேட்க.

எம் தந்தையார் மாண்ட ஆற்றுத்துறைப் போரை ஆண்டுதோறும் நடித்துக் காட்டும் துறைப்போர்க் கூத்தைக் காணும்படி முதற்பிறையன்று காடனை அனுப்பினோம். எம் முத்திரை மோதிரத்தை அவன் விரலில் இட்டு, அரங்கின் முன்வரிசை நடுவே எம் குடிக்கென்று பட்டு விரித்து வைத்திருக்கும் இருக்கையில் அமரச் செய்தோம். பதினெட்டு ஆண்டாய் அவ்விருக்கையில் ஒருவரும் அமர்ந்ததில்லை. எம் தந்தையார் விழும் காட்சியைக் காண எமக்கு மனம் துணிந்ததில்லை, அவ்வளவே காரணம். காடனோ மலைநாட்டிலிருந்து வந்து இரு திங்களே ஆனவன். கூத்தரங்கு ஒன்றை அதற்குமுன் கண்ணால் கண்டவன் அல்லன்.

அவன் எழுதி விடுத்தது இது. மன்னர் வேடம் பூண்ட குன்றன் அம்பு பட்டு வீழ்ந்தான் என்றும், முழவு மும்முறை ஒலித்தது என்றும், உடனே அரங்கில் இருந்த அறுநூறு பேரும் ஒருவர் குறையாமல் எழுந்து, மன்னர் உடலுக்கும் கோமகள் இருக்கைக்கும் முதுகு காட்டி நின்றார்கள் என்றும் எழுதினான். அவ்வேளை குன்றன் எழுந்து உட்கார்ந்து, முடியில் ஒட்டிய மணலைத் தட்டி, காடனாகிய தன் முகம் பார்த்துச் சிரித்துவிட்டு நடந்து போனான் என்றும், அவனை அன்றே விலங்கிட்டுச் சிறை வைத்ததாகவும் எழுதினான். அதைப் படித்தபோது எம் உடல் எரிந்தது. எம் தந்தையார் பிணத்துக்கு ஓர் ஊரே முதுகு காட்டிற்று என்ற ஒன்றைத் தவிர வேறொன்றும் எம் கண்ணில் படவில்லை. ஒருவரையும் அழைத்து உசாவாமல் அப்போதே எழுத்தாணியைக் கேட்டு வாங்கினோம்.

இன்று விடிந்ததும் எயிற்குறிச்சியிலிருந்து இருவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து எம் கோட்டை வாயிலில் நின்றனர். ஒருத்தி, செக்கார் குடியைச் சேர்ந்த சேந்தி என்னும் கைம்பெண். மற்றவன் வெற்றிலை வாணிகன் பூவன். இருவரும் அன்று கூத்துக் கண்டவர். குன்றனை விலங்கிட்டதைக் கண்டு மறுநாளே புறப்பட்டவர் ஆதலால், எம் முன்னோலையைப் பற்றி ஒன்றும் அறியாதவர். நாளை உச்சிக்கு அவன் தலை போகும் என்று அமைச்சர் சொன்னதும், பூவன் நின்றவிடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அவர்கள் உரைத்தது இது. துறைப்போர் நடந்த ஆண்டில், ஆற்றிலிருந்து தூக்கி வந்த வீரர்க்குப் புண் கட்டத் துணி போதாமல், வெயிலரங்கத்தின் பெருந்திரையை ஊரார் கிழித்துக் கொடுத்தனராம். அதன்பின் வேறு திரை அங்கே கட்டப்படவில்லை. பகற்பொழுதில் ஆடும் அரங்கில் விளக்கணைத்து மறைக்கவும் வழியில்லை. ஆதலால், கூத்தில் எவர் இறந்து வீழினும் முழவு மும்முறை ஒலிக்க, காண்பவர் அனைவரும் எழுந்து திரும்பி நிற்பர். இறந்தவர் தம் கால்களால் நடந்து போவதை ஒருவரும் பார்த்தலாகாது. அவர் போய்ச் சேர்ந்தபின் முழவு ஒருமுறை ஒலிக்கும். அப்போது முகம் திருப்புவர். இதுவே அவர்கள் வழக்கம் என்றார்கள்.

அங்ஙனமாயின் எம் பிரதிநிதிக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று சினந்து கேட்டோம். பூவன் தலை குனிந்தான். தான் காடனுக்கு நேர்ப்பின்னே இருந்ததாகவும், முழவு ஒலித்தபோது அவன் மேலாடையைப் பற்றி இழுக்கக் கை நீட்டியதாகவும், மன்னர் மோதிரம் அணிந்தவரைத் தொட அஞ்சிக் கையை மடக்கிக்கொண்டதாகவும் சொன்னான். அரசிருக்கையில் அமர்பவர்க்கு அரங்கின் வழக்கம் தெரியாதிருக்குமா என்று ஒவ்வொருவரும் எண்ணினராம். வேறு எவரேனும் சொல்லியிருப்பர் என்றும் எண்ணினராம். அறுநூறு பேரும் இவ்வாறே எண்ணி வாளாவிருந்தனர். குன்றனோ, எழுந்தவன் எதிரே இரு கண்கள் தன்னையே பார்ப்பது கண்டு திகைத்து, செய்வதறியாமல் அசட்டு நகை நகைத்திருக்கிறான். மணலைத் தட்டியது, அம்முடி எம் தந்தையார் பெயரால் வைத்தது, அழுக்குப்படலாகாது என்பதனால்.

எயினரே, இதையும் நாம் உடனே நம்பினோம் அல்லோம். உயிருக்கு அஞ்சி வழியில் புனைந்த கதையாகவும் இருக்கலாம். ஆகவே சோதித்தோம். வழக்கை விட்டுவிட்டவர் போல இருவர்க்கும் மோர் தருவித்து, அரங்கில் கூத்துக் காண்பது எப்படியிருக்கும் என்று வினவினோம். பூவனுக்கு நாக்கு மெல்ல மெல்ல இளகிற்று. இடப்பக்கத்து மூன்றாம் தூணுக்குப் பின்னே அமர்ந்தால் பாதிக் கூத்துத் தூணுக்கே போய்விடும் என்றான். முன்வரிசைத் தட்டார் ஒருவர் ஆண்டுதோறும் தலைப்பாகையை உயர்த்திக்கொண்டே போகிறார் என்றும், சித்திரை வெயிலில் கல்லிருக்கை சுடுவதால் ஈரத்துணி கொண்டு போக வேண்டும் என்றும், படைத்தலைவன் நீளப் பேசும் இடத்தில்தான் தன் வெற்றிலை மிகுதியாக விற்கும் என்றும் சொல்லிக்கொண்டே போனான். சேந்தி அவனை இருமுறை முறைத்தாள்.

அப்பொழுதில், நாம் முன்னரே மறைவாக ஏற்பாடு செய்தபடி, வாயிற்காவலன் ஒருவன் மார்பைப் பிடித்துத் தரையில் வீழ்ந்தான். சுவருக்கு அப்பால் முழவு மும்முறை ஒலித்தது. தலைப்பாகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த பூவன் பாதிச் சொல்லோடு எழுந்து திரும்பினான். சேந்தியும் எழுந்து திரும்பினாள். இருவர் முதுகும் எம் அரியணைக்கு நேராக நின்றன. அது தலை போகும் குற்றம் என்பதை நீரும் அறிவீர், அவர்களும் அறிவர். காவலர் வாள் உருவினர். உருவியவர் எழுவர், எட்டாமவன் வாளைத் தொடவில்லை. அவனும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பின்னர் வினவியபோது, எயிற்குறிச்சிக்கு அரைக்காதம் மேற்கே பிறந்தவன் என்று தெரிந்தது.

வீழ்ந்தவன் எழுந்து அப்பால் போன பின்னும் மூவரும் திரும்பவில்லை. பின்கழுத்தருகே வாள் முனை இருந்தும் திரும்பவில்லை. திரும்புக என்று அமைச்சர் இருமுறை ஆணையிட்டும் திரும்பவில்லை. ஈற்று முழவு ஒன்று உண்டென்பதைச் சற்றுமுன் கேட்டிருந்தும், அதை அடிக்க ஆணையிட மறந்தவர் நாமே. சேந்தி சுவரைப் பார்த்தபடியே, அந்த ஒற்றை அடியை எப்போது அடிப்பார்கள் என்று கேட்டாள். அடிக்கச் செய்தோம். அதன்பின்னரே மூவரும் திரும்பி, தாம் செய்ததை உணர்ந்து தரையில் வீழ்ந்தனர்.

சேந்தியின் கணவன் எம் தந்தையாரோடு அதே துறையில் மாண்டவன். அவன் உடலை ஆறு கொண்டுபோயிற்று. ஊர்க்கு ஒன்றும் வரவில்லை. ஆண்டுதோறும் இக்கூத்தை ஏன் விடாது காண்கிறாய் என்று அவளைக் கேட்டோம். அவள் விடையை ஓலைநாயகன் திருத்தமான தமிழில் எழுத முனைந்தான். நாம் தடுத்து, அவள் வாயில் வந்தபடியே எழுதச் சொன்னோம்.

"நாங்க திரும்பி நிக்கிற அந்த நேரத்துலதான் ஆத்தா, எங்க வீட்டு ஆளும் எந்திரிச்சு நடந்து போறாரு. யாராச்சும் பாத்துட்டா போக மாட்டாரு. அப்புறம் அங்கேயே கெடக்கணும். உங்க அய்யாவும் போகட்டும்னுதான் திரும்புறோம். வேற எதுக்கு?"

அப்போதே இவ்வோலைக்கு அரக்கு உருக்கச் சொன்னோம்.

இனிச் செய்ய வேண்டியது. இவ்வோலை செல்லாது என்று காடன் சொல்லக்கூடும். எம் மோதிரம் அவன் விரலில் இருப்பதால் இதில் அம்முத்திரை இல்லை. முன்னோலையிலோ, அது உம்மிடம் சேர்ந்ததும் அவனே ஒற்றித் தந்திருப்பான்; இதில் ஒற்ற மறுக்கவும் கூடும். மோதிரமில்லா ஓலையை ஏற்கலாகாது என்பது எம் பாட்டனார் வகுத்த விதி. அதை இம்மியும் பிசகாமல் காப்பவர் நீர். ஆகவே உருகிய அரக்கில் எம் வலக்கைப் பெருவிரலையே ஒற்றியிருக்கிறோம். விரல் வெந்துவிட்டது. நாம் வரும்போது வடுவோடு ஒத்துப் பார்த்துக்கொள்க. அதுவும் போதாது என்பீராயின், உமக்கும் எமக்குமன்றி எவர்க்கும் தெரியாத ஒன்றைச் சொல்கிறோம். முடி சூட்டும் வரை தந்தை உடலைவிட்டுக் கண் எடுக்கலாகாது என்று என்னை மூன்று பகல் உட்கார்த்தி வைத்தபோது, பின்னே காவல் நின்ற ஓர் இளவீரர், ஒருவரும் காணாமல் என் கையில் ஒரு துண்டுக் கருப்பட்டி வைத்தார். அது பாதி கரைந்து பிசுபிசுத்திருந்தது. விதியை நீர் மீறியது அந்த ஒருமுறைதான். நாளை இன்னொருமுறை மீறுக.

குன்றனை விடுவித்து, அவன் கையில் அந்த முடியை நீரே கொடுத்து, கோமகள் பிழை செய்தாள் என்று ஊர் கேட்கச் சொல்க. காடனைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லற்க. கண்டதைக் கண்டபடி எழுதினான். உசாவாதது எம் குற்றம். அடுத்த கூத்தில் அவன் பூவன் பக்கத்தில் அமர்க. பூவன் அவன் மேலாடையை அஞ்சாமல் இழுக்க.

இவ்வோலை உச்சி கடந்து வந்திருக்குமாயின், இதை எவர்க்கும் படித்துக் காட்டாமல் கட்டி எமக்கே திருப்பி விடுக. எஞ்சிய நாளெல்லாம் இதைப் படிக்க வேண்டியவள் நானே.

உரிய வேளையில் வந்திருக்குமாயின், வரும் முழுநிலா நாளில் துறைப்போர்க் கூத்தை மீண்டும் ஆடச் செய்க. நடு இருக்கையில் பட்டு விரிக்க. நான் வருகிறேன். பதினெட்டு ஆண்டாய் அவரை நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன், எயினரே. முழவு மும்முறை ஒலித்ததும் ஊராரோடு நானும் திரும்பி நிற்பேன்.

இது செவ்வாற்று நாட்டுக் கோமகள் ஆணை. ஆறாம் பிறை, முற்பகல், கைவிரல் ஒற்றி விடுத்தது. முழவு அடிப்பவனுக்கு ஒன்று மட்டும் நீரே நேரில் சொல்க: ஈற்று முழவை அன்று விரைந்து அடிக்க வேண்டா. அவர் மெல்ல நடப்பவர்.