அத்தான் கேட்ட பாஸ்வேர்டு

மார்ச் 4

நகரத்துக்கு மின்சாரம் அனுப்பும் கட்டுப்பாட்டு அறைக்குள் எவனாவது திருட்டுத்தனமாக நுழைய முடியுமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. ஒரு வாரமாக முட்டிப் பார்க்கிறோம், கணினிகள் அசையவில்லை. இனி மனிதர்கள்தான். போனில் பேசி, ஏமாற்றி, பாஸ்வேர்டைக் கறக்க வேண்டும். அதற்கும் அனுமதி உண்டு.

அங்கே பகல் ஷிப்டில் இருப்பவன் என் மைத்துனன்.

மார்ச் 5

உறவைப் பற்றி மேலாளரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

அன்றைக்கு எங்கள் வீட்டு விருந்தில் மின்சாரம் போனபோது அத்தனை பேர் முன்னால் சொன்னானே — "அத்தானுக்கு ப்யூஸ் போடத் தெரியாது. ப்யூஸைப் பத்திக் கட்டுரை வேணா எழுதுவாரு." எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும். அன்றோடு அவனுடன் பேச்சை நிறுத்தினேன். மறந்துவிட நான் என்ன மகானா?

மார்ச் 6

கூப்பிட்டேன்.

"அத்தான்! நீங்களா? அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?"

"அவளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கா. உங்க சிஸ்டத்தைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம் மாப்ளே. உள்ள போக முடியல. பாஸ்வேர்டைச் சொல்லேன்."

வேறு எவன் கேட்டிருந்தாலும் விரட்டியிருப்பான். எனக்கு எழுத்தெழுத்தாகச் சொன்னான். வைப்பதற்கு முன், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரட்டுமா அத்தான்?"

வா என்றேன். வேறென்ன சொல்ல?

மாலையே அறிக்கை போய்விட்டது.

மார்ச் 8

வந்தான். கை நிறையப் பழங்கள். "வாய்க்கொழுப்புல அன்னிக்கு ஏதோ உளறிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க அத்தான்." மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பழங்களை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

மார்ச் 11

அவனைச் சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள்.

"உங்களை நம்பித்தானே சொன்னான்?" என்றாள் மனைவி.

நம்பியதுதான் தப்பு என்றேன். பயிற்சி வகுப்புகளில் கைதட்டு வாங்கும் வாக்கியம். இவளிடம் எடுபடவில்லை.

மார்ச் 12

சாப்பாடு மேசைமேல். பேச்சில்லை.

நான் என் வேலையைத்தானே செய்தேன்? யாராவது சொல்லுங்களேன்!

ஜூன் 19

அவனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், மறுபரிசோதனை உண்டு என்ற நிபந்தனையோடு. நாள் சொல்ல மாட்டார்கள். போனில் பேசிப் பார்ப்பது மட்டும் முன்பு பேசிய அதே ஆளாக, அதாவது நானாக, இருக்க வேண்டுமாம்.

இன்று கூப்பிட்டேன். "மாப்ளே, நான்தான். ரொம்ப அவசரம்..."

"உங்க பணியாளர் எண் சொல்லுங்க சார். போனை வைங்க. உங்க ஆபீஸ் நம்பருக்கு நாங்களே கூப்பிடுவோம்."

கூப்பிட்டான். சரிபார்த்தான். "உங்களுக்கு அனுமதி இல்ல சார்" என்று வைத்துவிட்டான். கோபமாவது இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அதுவும் இல்லை.

'தேர்ச்சி' என்று எழுதிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, இத்தனை மாதத்தில் முதல்முறையாக, தானாக வாய் திறந்தாள்.

"என் தம்பி என்ன சொன்னான்?"

"சரியாச் சொன்னான்" என்றேன்.