சமையலறைத் தொலைபேசி

சாக்ரமென்டோ
மார்ச் 6, 1977

அன்புள்ள வெர்டெல்லுக்கு,

உனக்கு எழுத எனக்கு முகமில்லை. உறையில் என் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்துவிட்டாய் என்றால், முழுக்க வாசித்துவிடடி.

நம் கட்சியை அரசாங்கம் வேவு பார்த்த கோப்புகளை ஒரு வக்கீல் கேட்டு வாங்கினார். என் பங்குக்கு நூறு தாளுக்கு மேல். பாதிக்குக் கறுப்பு மை பூசியிருக்கிறார்கள். ஒரு தாளில் மட்டும் பத்து வருஷத்துக்கு முந்தைய என் பேச்சு அப்படியே இருக்கிறது: "வெர்டெல், நாளைக்குக் காலையில பதினாலாவது தெருவுலதான் ரோந்து. முடிச்சிட்டுப் பசியோட வருவோம். பிள்ளைங்க தின்னு தீர்க்கறதுக்குள்ள எனக்குக் கொஞ்சம் சோளக்கஞ்சியும் பொரிச்ச மீனும் எடுத்து வைடி."

பிள்ளைகளுக்கு நீ காலைச் சாப்பாடு சமைத்த சர்ச் சமையலறைக்கு நான் போட்ட போன்; ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். ரோந்தைப் பற்றி போனில் மூச்சு விடக் கூடாது என்பது கட்சியின் கட்டளை. நான் ஒரு துண்டு மீனுக்காக விட்டேன்.

மறுநாள் போலீஸ் நமக்கு முன்பே வந்து காத்திருந்தது. துப்பாக்கியை எல்லோரும் பார்க்கப் பிடித்துக்கொண்டு, சட்டம் அனுமதித்த தூரத்தில் நின்று, அவர்கள் மடக்கிய நம் ஆளுக்கு அவன் உரிமைகளைப் புத்தகத்திலிருந்து உரக்க வாசிப்பதுதானே நம் வேலை? கறுப்பர்களான நம்மை நாமேதான் காத்துக்கொள்ள வேண்டும் என்று எவ்வளவு நம்பினோம்! அன்று ஒரு பக்கம்கூட நான் முடிக்கவில்லை. போலீஸ் சுட்டதில், என்னோடு ரோந்து வந்த லெமுவேலுக்கு ஒரு கை போயிற்று.

அந்த வாரம் சர்ச் கீழ்க்கூடத்தில் நடந்த கட்சிக் கூட்டத்தில், "ரோந்துக்கு வராத வெர்டெல்லுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார்கள். "நேர்லதான் சொன்னேன்" என்றேன். நேரில் சொன்னதைப் போலீஸ் ஒட்டுக்கேட்டிருக்க முடியாதே; அந்தப் பொய்யால்தான், காட்டிக்கொடுத்தவள் நீதான் என்று உன்னைக் கட்சியிலிருந்து விலக்கினார்கள். வெட்கத்தில் செத்துக்கொண்டிருக்கிறேன். மன்னித்துவிடு.

உன்,
ஒலீதா


ஓக்லாந்து
மார்ச் 17, 1977

ஒலீதா,

கோப்பு வந்துதான் உனக்குத் தெரிய வேண்டுமா? நீ போன் பண்ணினாய் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று கூட்டத்தில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், நீயாகச் சொல்வாய் என்று. நான் வாயைத் திறந்திருந்தால் உன்னைத் துரத்தியிருப்பார்கள். உன் புருஷன் ஜெயிலில் இருந்தான். கட்சியை விட்டால் உனக்குப் போக்கிடம் ஏது?

கட்சிப் பத்திரிகையில் என் படத்தைப் போட்டார்கள். தினமும் காலையில் நான் கஞ்சி ஊற்றிய பிள்ளைகளே என் மகன் எமெரியைப் பார்த்து, "போலீஸ்காரி மவனே!" என்று கத்தினார்கள். பதினாறு வயதாகிறது, இன்னும் அந்தத் தெருப் பக்கம் போக மாட்டான். பாஸ்டர் வீட்டுக்கே வந்து கூப்பிட்ட பிறகுதான் மறுபடி அந்த அடுப்படிக்குப் போனேன். இப்போதும் சிலர் என் கையால் தட்டு வாங்குவதில்லை.

தபாலில் மன்னிப்பு வேண்டாம். ஏப்ரல் மூன்று, ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் கீழ்க்கூடத்தில் சாப்பிடுவார்கள், லெமுவேலும் இருப்பான். என் பெயரைக் கெடுத்த அதே இடத்தில் நின்று சொல். எமெரி காதில் விழ வேண்டும்.

வெர்டெல்


சாக்ரமென்டோ
ஏப்ரல் 5, 1977

அன்புள்ள வெர்டெல்,

வந்தேன். சத்தியமாக வந்தேன். கூடத்து வாசல் வரைக்கும் படியிறங்கிவிட்டேன். லெமுவேல் ஒற்றைக் கையால் ரொட்டியைப் பிய்த்தபடி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். துப்பாக்கி நீட்டியவன் எதிரே குரல் நடுங்காமல் சட்டம் வாசித்தவள் நான். அந்தச் சிரிப்புக்கு முன்னால் வாய் எழவில்லையடி. திரும்பி பஸ் ஏறிவிட்டேன். சீச்சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

அடுத்த ஞாயிறு கண்டிப்பாக வருகிறேன்.

ஒலீதா


ஓக்லாந்து
ஏப்ரல் 7, 1977

ஒலீதா,

வாசலில் உன்னைப் பார்த்தேன். "யாரும்மா அது?" என்றான் எமெரி. "நமக்கு வேண்டியவதான், உள்ள வருவா பாரு" என்றேன். உனக்காகச் சோளக்கஞ்சியும் பொரித்த மீனும் எடுத்து மூன்று மணி வரை மூடி வைத்திருந்தேன். பிறகு கொட்டிவிட்டேன்.

உன் முதல் கடிதத்தை எமெரியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு முறை வாசித்தான். இந்த ஞாயிறு கூடத்தில் நின்று அவனே எல்லோருக்கும் உரக்க வாசிக்கப் போகிறான். நீ வர வேண்டாம்.

வெர்டெல்