கருவாட்டுக் கடைக்குப் புது முகவரி

மார்ச் 18, புதன்

இல்லை, எதையும் அழிக்கவில்லை. அழிக்க நினைத்தேன் என்பது மட்டும் உண்மை.

காலையிலிருந்து மேகமூட்டம். காற்று இல்லை. ஜெ. அக்கா கடையின் பழைய இணையதளத்தை ஒவ்வொரு பக்கமாகத் திறந்து பார்ப்பது இன்றைய வேலை.

ஜெ. என்று எழுதிவைத்தால் பின்னாளில் எனக்கே மறக்கலாம். ஜெசிந்தா. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழியில் கருவாட்டுக் கடை. பாதி வியாபாரம் நேரில், பாதி கூரியரில். சென்னை நிறுவனத்தை விட்டு ஊருக்கு வந்த பின் நானாகத் தேடிக்கொண்ட முதல் வேலை.

பழைய தளம்: பச்சைப் பின்னணி, ஓடும் எழுத்து. செல்போனில் திறந்தால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே. அக்காவின் மருமகன் கப்பலுக்குப் போவதற்கு முன் செய்து கொடுத்தது. போனில் யாருக்கும் சொல்ல முடியாத நீளத்தில் முகவரி. எனக்கு வந்த வேலை: சின்னப் பெயரில் புதுத் தளம். நிபந்தனை ஒன்றே ஒன்று. தேடினால் கடை வர வேண்டும், இப்போது வருவதுபோல.

இப்போது எப்படி வருகிறது? மாசி சம்பல் என்று யார் தேடினாலும் இந்தக் கடைதான் முதலில். மாசி என்பது வேகவைத்துக் கல்லாகக் காயவைத்த சூரை மீன். அதை எப்படி இடிப்பது, எப்படிச் சம்பல் செய்வது என்று யாரோ ஒருமுறை போனில் கேட்டிருக்கிறார்கள். அக்கா சொன்னதை மருமகன் அப்படியே தட்டச்சு செய்து ஏற்றிவிட்டான். இப்படியே பல பக்கங்கள். தலைப்பு கிடையாது. படம் கிடையாது.

ஒரு பக்கத்தின் முழு வாசகம்: "நெத்திலி தலையக் கிள்ளிப் போட்டுட்டு வெந்நில ரெண்டு தரம் அலசு. மண்ணு போயிரும். பயப்படாத."

எனக்கு வெற்றிடம் பிடிக்கும். வெள்ளைத் திரை, நடுவில் ஒரு மீன், கீழே ஒரு சொல். வரைந்தும் வைத்திருந்தேன். அந்த வரைபடத்தில் "பயப்படாத" என்பதற்கு இடமில்லை. படத்தைக் கிழித்துப் போட்டேன். எல்லாப் பக்கமும் புது வீட்டுக்கு வருகிறது.

மார்ச் 20, வெள்ளி

வெயில். பட்டியல் முடிந்தது. இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புதியது. பழையதை யார் தட்டினாலும் அதற்குரிய புதுப் பக்கத்தில் போய் விழ வேண்டும். எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது சுலபம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நெத்திலி கேட்டு வந்தவரை வாசலில் நிறுத்திக் கும்பிடு போட்டு என்ன பயன்.

மாலை கடைக்குப் போனேன். விளக்கினேன். அக்கா கத்தரியால் கருவாட்டு வாலை நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்பிடின்னா நம்ம டீக்கடை அண்ணாச்சி மாதிரி."

கடை முன்பு பழைய துறைமுகம் பக்கம் இருந்ததாம். இடம் மாறிப் பல வருடம். பழைய கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் இன்றும் கேட்டு வருகிறவர்களை இங்கே அனுப்புகிறார். சீலா மீன் கருவாடு வேண்டுமென்றால் சீலா என்று சொல்லியே அனுப்புகிறாராம். அக்கா மாதாமாதம் அவருக்கு ஒரு பொட்டலம் நெத்திலி கொடுத்துவிடுகிறார்.

"ஆமாக்கா. அதேதான்."

"எப்ப இறக்குத?"

படகைச் சொல்வதுபோல. உண்மையிலேயே அப்படித்தான். புதுப் படகைப் பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் இங்கே யாரும் கடலில் இறக்குவதில்லை. இணையதளத்துக்கும் அதே முறை வேண்டும் என்கிறார். ஞாயிறு, மாதா கோயிலில் இரண்டாம் பூசை முடிந்ததும்.

"அதுவரைக்கும் ஒரு கண்ணு படப்பிடாதுளா. பூட்டி வையி."

பூட்டித்தான் இருக்கிறது என்றேன். தேடுபொறிகளை "உள்ளே வராதே" என்று தடுக்கும் ஒரு வரி. கட்டி முடியாத தளத்தில் எப்போதும் போடுவது. இறக்கும் நாளில் எடுக்க வேண்டும். என் வேலைப் பட்டியலின் கடைசி வரி அது.

பின்பக்கக் கொட்டகையில் ரோசரி அக்காவும் மற்றவர்களும் நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குகிறது. படகுகள் கரையேறும், பச்சை மீன் குறையும், கருவாட்டைத் தேடுவார்கள். ரோசரி அக்காவின் கணவர் விசைப்படகில் போகிறவர். தடைக்காலத்தில் அவருக்கு வேலை இல்லை. அந்த நாட்களில் இந்தக் கொட்டகைதான் வீடு ஓட வழி. ஜெ. அக்கா சரக்கை இப்போதே காயவைத்துக் கட்டிவிட்டார். வெளியூர் ஆர்டர் வந்தால் எல்லாப் பெண்களுக்கும் வேலை. வராவிட்டால் இல்லை.

இதை யாரும் எனக்கு அழுத்திச் சொல்லவில்லை. மீன் பொறுக்கிக்கொண்டே பேசினார்கள். கேட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

சாமியார் முதல் பூசை முடிந்ததுமே வந்துவிட்டார். யாரோ நோயாளியைப் பார்க்க மணப்பாடு வரை போக வேண்டுமாம். நான் சட்டையில் இஸ்திரிச் சூட்டோடு ஓடினேன்.

தராசு மேசையில் என் மடிக்கணினி. இரண்டு மெழுகுவத்தி. அரளிப் பூ. தீர்த்தம் தெளிக்கப்போகிறார் என்பது கடைசி நொடியில்தான் உறைத்தது. ஒரு கூரியர் உறையைக் கிழித்துக் கணினிமேல் போட்டேன்.

சாமியார்: "பிளாஸ்டிக் வழியா ஆசீர்வாதம் போவாதுன்னு நெனைக்காத பிள்ள. போவும்."

ரோசரி அக்கா: "சாமி, அந்தச் சீலா மேலயும் ரெண்டு சொட்டு. பூனை வாரது நிக்கட்டும்."

ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலம் என்பதால் வெடி கிடையாது. சாமியாரே தடுத்தார். "இறக்குளா!" என்று ஜெ. அக்கா கத்த, பொத்தானை அமுக்கினேன். கைதட்டல். பருப்பு வடை, டீ.

பழைய முகவரிகளை அங்கேயே ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியான பக்கத்தில் விழுந்தன. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ என் வாயில் வடையைத் திணித்தார்கள். வேலைப் பட்டியலை மடித்துப் பையில் வைத்தேன்.

சந்தோஷம். இந்தச் சொல்லை நாட்குறிப்பில் எழுதி ரொம்ப நாள்.

மார்ச் 26, வியாழன்

தளத்துக்கு வருகை கொஞ்சம் இறக்கம். முகவரி மாறினால் சில வாரம் ஏறி இறங்கும் என்பது தெரிந்ததே. மனத்துக்கும் அதையே சொன்னேன்.

அக்கா: "காத்து விழுந்துருக்கு. எந்திரிக்கும்."

தேங்காய் எண்ணெய் வாங்க வேண்டும். விசைப்பலகையில், உறையையும் தாண்டி விழுந்து உலர்ந்த தீர்த்தத் திட்டு, "ப" மேல். துடைக்கவில்லை.

மார்ச் 30, திங்கள்

நேற்றுக் குருத்தோலை ஞாயிறு. கல்லா மேல் ஓலைச் சிலுவை. போன் அடிப்பதே அரிது. எண் வைத்திருக்கிற பழைய வாடிக்கையாளர்கள் மட்டும்.

மாசி சம்பல் என்று தேடினேன். முதலில் வேறு யாரோ. இரண்டாவதும். கீழே கீழே போனேன். நாம் இல்லை. இறங்கியிருந்தால் புரியும். இல்லவே இல்லை.

கொட்டகையில் கேட்டது:

"தடைக்காலத்துக்கு எத்தன பேரு வரணும் ஜெசிந்தா?"

"ஈஸ்டர் கழியட்டும் ரோசரி. சொல்லுதேன்."

"சொல்லு. இல்லன்னாலும் சொல்லிரு."

ஜெ. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மார்ச் 31, செவ்வாய்

எழுத நிறைய.

மதியம் கோயம்புத்தூரிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். எண்ணைச் சேமித்து வைக்காதவர். ஒவ்வொரு முறையும் நெத்திலி மண் போக என்று தேடித்தான் நம்மைப் பிடிப்பாராம். இந்த முறை கிடைக்கவில்லை. போன தடவை வந்த பொட்டலத்தின் உறையைத் தேடி எடுத்து அதிலிருந்த எண்ணுக்குப் போட்டிருக்கிறார். அக்கா ஒலிபெருக்கியில் போட்டார்.

"கடையை மூடிட்டீங்களோன்னு பயந்துட்டேங்க. உறையில இருக்கற பழைய அட்ரஸை அடிச்சா கடை வருது. புதுசா, அழகா. தேடினா மட்டும் வர்றதில்லைங்களே, ஏன்?"

அடித்தால் வருகிறது. தேடினால் இல்லை.

நின்ற இடத்திலேயே கணினியைத் திறந்து பக்கத்தின் மூல நிரலைப் பார்த்தேன். தலையிலேயே இருந்தது அந்த வரி. உள்ளே வராதே. சாமியார் சீக்கிரம் வந்த அவசரத்தில், வடையில், கைதட்டலில் நான் எடுக்காமல் விட்ட கடைசி வரி. பழைய முகவரிகள் எல்லாரையும் ஒழுங்காகப் புதுக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. புதுக் கடை தேடுபொறியை வாசலிலேயே துரத்திக்கொண்டிருந்தது.

எடுத்தேன். பக்கங்களின் பட்டியலைத் தேடுபொறிக்கு மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்து பார் என்று கேட்டேன். அப்புறம் ஜெ. அக்காவிடம் சொன்னேன், எதையும் குறைக்காமல்.

அக்கா கத்தரியைக் கீழே வைத்தார். பிறகு:

"மந்திரிக்கிற வரைக்கும் பூட்டி வையின்னு சொன்னது நாந்தான?"

"திறக்க மறந்தது நான்க்கா."

"சாமியும் சீக்கிரமா வந்துட்டாவ. மூணு பேருக்கும் பங்கு உண்டு. சாமி பங்க நான் கேட்டுக்கிடுதேன்."

ரோசரி அக்கா உள்ளிருந்து: "அப்ப அந்தத் தெளிச்ச தண்ணி வேல செய்யலியா?"

"வாய மூடுளா. தெளிக்கப் போயித்தான் அந்தப் பொம்பள போன் போட்டா."

கோயம்புத்தூர் அம்மாவுக்கு நெத்திலியோடு கொஞ்சம் மாசியும் சேர்த்துக் கட்டினார் அக்கா. உறையில் முகவரியை நான் எழுதினேன். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கடை அடைப்பு. தெருவில் ஒலிபெருக்கி கிடையாது. இன்று திரையைத் தொடுவதில்லை என்று முடிவு. மூன்று முறை தொட்டேன்.

நெத்திலிப் பக்கம் திரும்பி வந்திருக்கிறது. தேடலில் இரண்டாம் பக்கத்தின் அடியில். "பயப்படாத" என்ற சொல்லோடு.

பல்கலைக்கழகத்தில் நன்றியுணர்வு பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நன்றி என்பது கீழே இருப்பவரைக் கீழேயே வைக்கும் ஏற்பாடு என்று. நல்ல மதிப்பெண். அதில் ஒரு வரியையும் இப்போது மறுக்க முடியவில்லை. ஆனால் கோயம்புத்தூரில் ஒருவர் குப்பையில் போடாமல் வைத்திருந்த உறையை அந்தக் கட்டுரையில் எங்கே வைப்பது?

நன்றி, திட்டாமல் விட்டதற்கு. வடைக்கு. அழிக்காமல் விட்ட என் புத்திக்கும் கொஞ்சம்.

ஏப்ரல் 8, புதன்

உப்புக்காற்று, கண் எரிச்சல். தேடலில் திரும்பி வந்தவை: நெத்திலி. சீலாக் குழம்பு. வாளைக் கருவாடு வறுக்க. வராதது: மாசி சம்பல்.

ஆர்டர் சொட்டுச் சொட்டாக. ஜெ. அக்கா பாதிப் பெண்களை மட்டும் வரச் சொல்லிவிட்டார். வீட்டில் வேறு வருமானமே இல்லாதவர்கள் முதலில். ரோசரி அக்காவின் மகள் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அதனால் ரோசரி அக்கா இல்லை. மாசி ஓடினால் மீதிப் பேர்.

"சரிதான்" என்றார் ரோசரி அக்கா. கூடையைக் கவிழ்த்துத் தட்டினார். வெகுநேரம் தட்டினார். பிறகு என்னிடம்:

"ஏளா கம்ப்யூட்டரு, ஒன் மாசி எப்ப வாரான்?"

"வந்துருவாருக்கா."

"மாப்பிள்ளைய விட மோசமால்லா காக்க வைக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. அவர் மகள் தன் வார விடுப்பு நாளிலும் வேலைக்குப் போகிறாளாம்.

மாசிப் பக்கத்தை மறுபடி படித்தேன். அக்காவின் சொற்களில் கை வைக்கவில்லை. மற்றப் பக்கங்களிலிருந்து அதற்கு வழி குறைவாக இருந்தது. நெத்திலியிலிருந்தும் சீலாவிலிருந்தும் ஒவ்வோர் இணைப்புக் கொடுத்தேன். இனி காத்திருப்பதுதான்.

ஏப்ரல் 13, திங்கள்

நாளை வருடப்பிறப்பு. நாளை மறுநாள் தடைக்காலம். துறைமுகம் முழுக்கப் படகுகள், ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு. வலைகளை இறக்குகிறார்கள்.

காலை வழக்கம்போலத் தேடினேன். மாசி சம்பல். இரண்டாவது இடம். இல்லாத ஒன்று இரண்டாவதாக இருக்கிறது. கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே ஓடினேன். அதற்குள் அங்கே போன். ஷார்ஜாவிலிருந்து ஒருவர், மாசி இடித்து அனுப்புவீர்களா என்று. அதை வைத்ததும் இன்னொன்று. பெங்களூர். மதியத்துக்குள் மாசி ஆர்டர் மட்டும் ஒரு தாள் நிறைந்தது.

ஜெ. அக்கா போனை எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார், நான் கேட்க வேண்டும் என்றே.

"ரோசரி, நாளன்னைக்கு வந்துரு. மிச்சப் பேரையும் கூட்டிட்டு வா."

அந்தப் பக்கத்திலிருந்து:

"வந்துட்டானா அவன்?"

"வந்துட்டான். ரெண்டாவதா நிக்கான்."

"நிக்கட்டும். என்னக் கட்டுன மாப்பிள்ளையும் லேட்டாத்தான் வந்தாவ."

அக்கா போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தார். கருவாட்டு உப்பு என்றார்.

பழைய முகவரி இந்த மாதம் காலாவதி ஆகிறது. நினைவூட்டல் வந்திருந்தது. இனி தேவையா என்று நான்தான் கேட்டேன், சும்மா, அவர் என்ன சொல்கிறார் என்று பார்க்க.

"டீக்கடை அண்ணாச்சிய நிறுத்துனமாளா? இதையும் நிறுத்தாத."

இன்னும் ஓராண்டுக்குப் பழைய முகவரியைப் புதுப்பித்தேன். அக்கா நீட்டிய இந்த மாத நெத்திலிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அண்ணாச்சியின் டீக்கடைக்குப் போனேன்.