ஒற்றைப்படை வீடுகள்

06.01.2014, திங்கள்

வடக்குத்து ஊரில் இன்று ஆறு குழந்தைகளைப் பார்த்து முடித்தேன். இந்த மார்கழிப் பனியில் சட்டையைத் தூக்கச் சொன்னால் தாய்மார்கள் முறைக்கிறார்கள். முறைக்கட்டும். சட்டைக்கு மேலிருந்து மூச்சை எண்ண முடியுமா? டைமரை அழுத்தினால் அரை நிமிடத்தில் ஒரு பீப், முழு நிமிடத்தில் இரண்டு. அதுவரை வயிறு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். நடுவில் அழுதால் மறுபடி முதலிலிருந்து. ஐம்பதைத் தொட்டால் அந்த இடத்திலிருந்தே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். பிறகு இருமல் உண்டா, அடுப்பில் என்ன எரிக்கிறீர்கள் என்ற கேள்விகள். அடுப்புப் புகை கைக்குழந்தைகளின் நெஞ்சை என்ன செய்கிறது என்பதுதான் ஆய்வு.

கைக்குழந்தை இருக்கிற நாற்பத்து நான்கு வீடுகளுக்கு வரிசையாக எண் போட்டு, ஒற்றைப்படையை எனக்கும் இரட்டைப்படையை ருக்சாருக்கும் கொடுத்திருக்கிறார் டாக்டர் மதிவாணன். நவம்பர் நடுவிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போகிறோம். ருக்சார் வடலூர்ப் பெண். இருபத்து மூன்று வயது. பஸ்ஸில் வருகிறாள். நான் ஆறு முடித்த நேரத்தில் அவள் ஒன்பது முடித்துவிட்டாளாம்.

எப்படி ஒன்பது?

08.01.2014, புதன்

ருக்சார் பஸ்ஸிலிருந்து இறங்கியது ஒன்பது நாற்பதுக்கு. வருகைப் பதிவில் ஒன்பது மணி. குறித்து வைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

11.01.2014, சனி

கேள்விப் பாரங்களை அடுக்கும்போது அவளுடைய கட்டு கைக்கு வந்தது. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. சரி, பொய் எதற்கு, பார்க்க வேண்டும் என்றுதான் பார்த்தேன்.

அவளுடைய இருபத்திரண்டு வீட்டில் பதினான்கு வீட்டில் அடுப்புக்குக் கரி என்று எழுதியிருக்கிறாள். லாரியிலிருந்து சிந்துகிற நிலக்கரியாம். என்னுடைய இருபத்திரண்டிலும் கேஸ். ஒரே ஊர். முப்பத்தேழும் முப்பத்தெட்டும் ஒரே சுவர். எண் மாறினால் அடுப்பு மாறிவிடுமா?

இருமலும் அப்படித்தான். அவள் குழந்தைகளில் பாதி இருமுகிறது. என் குழந்தைகள் ஒன்றுகூட இருமவில்லை. டாக்டருக்குச் சுவாரசியமாக இருக்கட்டும் என்று எழுதித் தள்ளுகிறாளோ?

கரி பொறுக்குவதே குற்றம். என் வீட்டுக்காரர் சுரங்கக் கேட்டில் செக்யூரிட்டி. எத்தனை சாக்கைப் பிடுங்கி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? அவ்வளவு கெடுபிடி இருக்கும்போது பதினான்கு வீட்டுக்குக் கரி வானத்திலிருந்தா விழும்?

17.01.2014, வெள்ளி

வடலூரில் தைப்பூசக் கூட்டம். பஸ் வராது என்று ருக்சார் லீவு. நல்லதாகப் போயிற்று. ஆய்வு சம்பந்தமாக இன்னும் ஒரு கேள்வி என்று சொல்லிக்கொண்டு அவளுடைய வீடுகளில் மூன்றுக்குப் போனேன். எட்டு, இருபது, முப்பத்தெட்டு. மூன்றிலும் பாரத்தில் கரி என்று இருக்கிறது. மூன்றிலும் என்னிடம் "கேஸுதாங்க மேடம்" என்றார்கள். இருபதாம் எண் வீட்டுப் பெண் கேட்காமலே சிலிண்டரைக் காட்டினாள்.

குட்டு வெளிப்பட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

21.01.2014, செவ்வாய்

இன்று கண்ணாலேயே பார்த்தேன். ரேஷன் கடைப் பக்கம் புங்கமரத்தடியில் உட்கார்ந்து பாரம் நிரப்பிக்கொண்டிருந்தாள். வீட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. இவள் வீட்டுக்குள் போகிறாள், டீ குடிக்கிறாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கதை அடிக்கிறாள். பிறகு மரத்தடியில் எழுதுகிறாள். கேட்டதற்கு, மூச்சு எண்ணிக்கையை மட்டும் அங்கேயே கையில் குறித்துக்கொள்கிறாளாம். "பேனாவ எடுத்தா வாய மூடிக்கிறாங்கக்கா. அதான் வெளிய வந்து எழுதறேன்" என்றாள்.

நானும் பேனாவை எடுத்துத்தான் எழுதுகிறேன். என்னிடம் யார் வாயை மூடினார்கள்? எல்லாரும் பதில் சொல்லத்தானே செய்கிறார்கள்?

இவரிடம் சொன்னேன். அடுத்தவள் பிழைப்பில் கை வைக்காதே என்றார். பிழைப்பு வேறு, பித்தலாட்டம் வேறு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி. நாளைக்கு இதை வைத்து யார் யாரோ மருந்து எழுதுவார்கள்.

25.01.2014, சனி

டாக்டர் புதுச்சேரியிலிருந்து வந்திருந்தார். சொல்லிவிட்டேன். மூன்று வீட்டையும் எண்ணோடு சொன்னேன், மரத்தடியையும் சொன்னேன். அவர் ருக்சாரைக் கூப்பிட்டு, சரிபார்க்கும்வரை வீடுகளுக்குப் போக வேண்டாம் என்றார். அவள் வீடுகளும் எனக்கு.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். "முப்பத்தேழுல கொழந்தைக்கு இருமலுக்கா. பக்கத்து வூட்ல சொன்னாங்க. சட்டையக் கழட்டி ஒரு நிமிஷம் முழுசா எண்ணிப் பாருங்க."

என்ன திமிர். முப்பத்தேழு என் வீடு. என் பாரத்தில் இருமல் இல்லை. தன் குற்றத்தை மறைக்க என் வேலையில் ஓட்டை தேடுகிறாள்.

28.01.2014, செவ்வாய்

இரண்டு பேர் வேலையை ஒருத்தி செய்கிறேன். காலையிலிருந்து பதினொரு வீடு. கால் வலிக்கிறது.

முப்பத்தேழுக்குப் போனபோது மணி ஒன்றரை. குழந்தை நிலவன், ஏழு மாதம். அம்மா புஷ்பவல்லி வாசற்படியிலேயே நின்றாள். இருமல்? இல்லீங்க. சளி? இல்லீங்க. அடுப்பு? கேஸுங்க. கூடத்தில் சிலிண்டர் நிற்கிறது. உறை தைத்துப் போட்டு மேலே பொம்மை வைத்திருக்கிறாள். மூச்சு எண்ண வேண்டும் என்றேன். "இப்பதாங்க தூங்குச்சு. எழுப்புனா அழுதுகினே கெடக்கும்" என்றாள். தூளி உள் அறையில். எட்டிப் பார்த்தேன், புடவைக்குள் அசைவு தெரிந்தது.

போன தடவை மூச்சு முப்பத்தெட்டு. அதையே எழுதினேன். ஒரு தடவைதானே.

01.02.2014, சனி

இரட்டைப்படை வீடுகளையும் முடித்துவிட்டேன். இருபத்திரண்டிலும் கேஸ். இருமல் எங்குமே இல்லை. மொத்தம் நாற்பத்து நான்கும் கேஸ்.

டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாற்பத்து நான்கு கைக்குழந்தைகள், தை மாதப் பனி, ஒன்றுக்குக்கூடவா இருமல் இல்லை என்று வீட்டுக்கு வரும் வழியில் எனக்கே தோன்றியது. தோன்றியதைப் பிடித்துக்கொண்டு யோசிக்க மனமில்லை.

04.02.2014, செவ்வாய்

முப்பத்தேழு பூட்டிக் கிடக்கிறது. முப்பத்தெட்டாம் எண் வீட்டு ருக்மணி சொன்னாள். நிலவனைக் கடலூரில் சேர்த்திருக்கிறார்களாம். நிமோனியா. ஞாயிற்றுக்கிழமை பால் குடிக்கவில்லை, உதடு கறுத்துவிட்டது, அப்பன் தெய்வசிகாமணி ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினான். ஒரு வாரத்துக்கு மேலாகவே விலா உள்ளே இழுத்து இழுத்துத்தான் மூச்சு விட்டதாம்.

ஒரு வாரத்துக்கு மேலாக. அப்படியென்றால் போன செவ்வாய்க்கிழமை?

எண்ணியிருந்தா தெரிஞ்சிருக்குமே. எழுப்பியிருக்கலாம். அழுதா அழட்டும்னு எழுப்பியிருக்கலாம். ஒரு நிமிஷம்தானே. எனக்கு என்ன கேடு வந்தது?

05.02.2014, புதன்

கடலூர் போனேன். குள்ளஞ்சாவடி தாண்டும்வரை திரும்பிப் போய்விடலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மூக்கில் குழாய். நெஞ்சு திறந்து கிடந்தது. கேட்காமலே என் கண் எண்ண ஆரம்பித்துவிட்டது. அறுபத்திரண்டு. மருந்து ஏறின பிறகே அறுபத்திரண்டு.

புஷ்பவல்லி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் கேஸ் அடுப்பைப் பற்றி மட்டும்தான் கேட்டேன், அதுவும் மெதுவாக. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சிலிண்டரு ஆடியிலயே காலிங்க. கரிதான் எரிக்கிறோம். உங்க வூட்டுக்காரரு கேட்டுல நிக்கிறாரு. உங்ககிட்ட கரின்னு சொன்னா நீங்க எழுதிகினு போவீங்க. அப்புறம் எங்க வூட்டுக்காரரு சுரங்கத்து கான்ட்ராக்ட் வேல இருக்குமாங்க?"

இருமலை ஏன் மறைத்தாய் என்றேன்.

"இருமுதுன்னா ஏன்னு கேப்பீங்க. அடுப்பங்கரைய பாக்கணும்பீங்க. அந்த வடலூர்ப் பொண்ணு கேட்டா சொல்லுவாங்க. அந்தப் பொண்ணுக்குச் சுரங்கத்துல யாருமில்ல. ஊரே உங்கள கேட்டுக்காரரு வூட்டம்மான்னுதாங்க சொல்லும்."

அன்று தூங்குகிறது என்றதும் பொய்யாம். முழித்துத்தான் கிடந்ததாம். சட்டையைத் தூக்கினால் நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்தாளாம். நான் போன பிறகு, மேடமே பார்த்துவிட்டுப் போனாங்க, ஒன்றுமில்லை என்று வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாளாம். அதனால் இன்னும் ஐந்து நாள் போயிற்று.

நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்திருக்கிறாள். என்னையா?

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். எல்லாரையும் சந்தேகப்பட்டேன். என்னைப் பார்த்து ஒரு ஊரே பயந்துகொண்டிருந்தது மட்டும் கண்ணில் படவில்லை.

08.02.2014, சனி

டாக்டரிடம் சொன்னேன். அடுப்பு விஷயம் முழுவதும், இவருடைய வேலை, கேட்டு, பயம், எல்லாம். ருக்சார் எழுதியதுதான் சரி, நான் எழுதியதில் அடுப்பும் இருமலும் செல்லாது என்றேன். அவர் கோபப்படவில்லை. ஆளை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் அந்த ஆள் யார் என்று நான் யோசித்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது என்றார். ருக்சாருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். இனி எந்தப் பாரத்திலும் யார் வீட்டில் கரி என்று தெரிகிற மாதிரி பெயர் இருக்காது என்றும் சொன்னார்.

பிறகு அவராகவே முப்பத்தேழை எடுத்தார். "அடுப்பு போகட்டும்மா, மூச்சு நீங்க எண்ணினது. அதுல பயம் ஒண்ணும் குறுக்க வராது. இருபத்தெட்டாம் தேதி முப்பத்தெட்டு. அஞ்சு நாள்ல நிமோனியா. அவ்வளவு சீக்கிரம் ஏறுதுன்னா பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை பார்த்துப் பிரயோஜனமே இல்ல. இது முக்கியமான தகவல்."

அந்த எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டார்.

தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

10.02.2014, திங்கள்

அது யாருக்குத் தெரியும்? புஷ்பவல்லிக்கு நான் என்ன எழுதினேன் என்று தெரியாது. தூளிக்குத் தெரியுமா?

11.02.2014, செவ்வாய்

ருக்சார் வேலைக்கு வந்துவிட்டாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசினால்தான் ஆச்சரியம். அவளைப் பொய் எழுதுகிறவள் என்று சொன்னேன். இந்த ஆய்வில் இட்டுக்கட்டின எண் ஒன்றே ஒன்று, அது என் கையெழுத்தில் இருக்கிறது.

இவரிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமலே விட்டுவிடு, வேலை போய்விடும் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். ஒரு வேளை அதைத்தான் கேட்க விரும்பினேனோ. இவர் சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டே, "நான் சாக்கைப் பிடுங்குற பொம்பளைங்கள்ல அந்தப் பிள்ளையோட அம்மாவும் இருந்திருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஷிஃப்டுக்குப் போனார்.

15.02.2014, சனி

சொல்லியாயிற்று.

டாக்டர் என்னுடைய எல்லாப் பாரங்களையும் எடுத்து, எண்ணியது எது, எண்ணாதது எது என்று கேட்டார். அது ஒன்றுதான் என்றேன். "அது ஒண்ணுதான்னு நான் எப்படிம்மா நம்பறது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மூன்று மாத வேலை, நூற்றிருபது பாரத்துக்கு மேல், எல்லாவற்றிலும் குறுக்கே கோடு போட்டார்.

01.03.2014, சனி

மாலை ருக்சார் என் வீட்டுக்கு வந்தாள், என்னிடமிருந்த சாமான்களை வாங்கிப் போக. நாற்பத்து நான்கு வீடும் இனி அவளுக்கு. நிலவன் வீட்டுக்கு வந்துவிட்டான், மூச்சு முப்பத்தாறு என்றாள். யார் எண்ணியது என்று கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டேன்.

பையைக் கொடுத்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றேன். "இருக்கட்டும்கா" என்று நாற்காலியில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். அளவு டேப்பைப் பிரித்துப் பார்த்தாள். மீதிப் பாரங்களை எண் வரிசையில் சரிபார்த்தாள். கடைசியாக டைமரை எடுத்தாள். சரியாக ஓடுகிறதா என்று தன் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழுத்தினாள்.

நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு பீப் கேட்டது. அவள் தலை நிமிரவில்லை. இன்னும் அரை நிமிடம் இருந்தது.