நானூற்று முப்பது கிராம்

மார்ச் 3
மருமகளின் ஆலையில் விறகுத் துண்டுகளை மணலுக்குள் போட்டு எரிக்கிறார்கள். அடியிலிருந்து காற்றை ஊதினால் மணல் உலைநீர் மாதிரி கொதிக்கும். நடுவில் குமிழிகள் மணலைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். ஓரமாக மணல் மெல்லச் சரிந்து இறங்கும். பெரிய துண்டுகளும் அப்படிச் சுற்றுகின்றனவா, எங்காவது தங்கிவிடுகின்றனவா? அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அதைக் கண்டுபிடிக்க ஓர் உருண்டை செய்திருக்கிறாள். ஆரஞ்சுப் பழ அளவு, ஒரு வருட வேலை. மணலோடு சுற்றி, தான் இருந்த உயரத்தைத் தானே குறித்துக்கொள்ளும். திங்கட்கிழமை சூடில்லாத மணலில் சோதனை. சரிவராவிட்டால் அந்த வேலையையே நிறுத்திவிடுவதாகத் தலைமைப் பொறியாளர் சொல்லிவிட்டாராம்.

"கம்பி, சில்லு எல்லாம் நான் பாத்துப்பேன் மாமா. எடைதான் இடிக்குது. எவ்வளவு வைக்கலாம்?"

என்னிடம் கேட்டாள். இயற்பியல் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது.

மார்ச் 4
உருண்டை அளவுள்ள ஒரு குவளையில் மணல் எடுத்து எடை போட்டேன். குவளையைத் தட்டித் தட்டி, இடைவெளி இல்லாமல் நிரப்பினேன். 430 கிராம். மணலின் எடையே உருண்டைக்கும் இருந்தால் மிதக்காது, மூழ்காது; கூட்டத்தில் நடப்பவன் மாதிரி கூடவே போகும். ஈயக் குண்டுகள் சேர்த்து மூடியை ஒட்டிவிட்டாள்.

மார்ச் 7
உருண்டை போனது போனதுதான். சாயங்காலம் வரை மேலே வரவில்லை. "கிணத்துல கல்லைப் போட்டுட்டு எட்டிப் பாத்துட்டு இருக்கோம்" என்றாராம் தலைமைப் பொறியாளர். அவள் சாப்பிடவில்லை.

மார்ச் 8
மீன்தொட்டிப் பம்பையும் ஒரு கண்ணாடிக் குழாயையும் வைத்து மணலை ஊதிப் பார்த்தேன். இருபது சென்டிமீட்டர் நின்ற மணல் இருபத்தைந்துக்கு உப்பியது. அதே மணல், அதிக இடம். அப்படியென்றால் குவளைக்குச் சுமார் 345 கிராம்தான்.

தூங்குகிற மணலை எடை போட்டிருக்கிறேன். உருண்டை போனதோ எழுந்து ஆடுகிற மணலுக்குள். எண்பத்தைந்து கிராம் கூடுதல் — என் கைவேலை. தட்டித் தட்டி வேறு நிரப்பினேனே.

சொல்லத்தான் வேண்டும். எப்படி?

மனைவி சொன்னாள்: "நாப்பது வருஷம் பசங்க தப்பைச் சிவப்பு மையில சுழிச்சீங்க. உங்களதைச் சுழிக்க மட்டும் மை தீந்துபோச்சா?"

மார்ச் 9
சொன்னேன். குழாயை ஓடவிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். "சரி மாமா." அவ்வளவுதான்.

மார்ச் 10
என் பக்கம் வராமலே ஆலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மார்ச் 12
மணலைக் கொட்டி உருண்டையை எடுத்துவிட்டார்கள். அது அடியிலேயே கிடக்கவில்லை. பதினொரு முறை பாதி உயரம் வரை ஏறி ஏறி இறங்கியிருக்கிறது. குமிழி தூக்கியிருக்கிறது, என் எண்பத்தைந்து கிராம் இழுத்திருக்கிறது. தலைமைப் பொறியாளர் பதிவை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு வாட்டி" என்றாராம்.

எடையைத் தப்பாகப் போட்டது தான்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மார்ச் 15
உருண்டையையும் தராசையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"இந்தத் தடவை ஊதிட்டு அளங்க மாமா."

மார்ச் 21
ஆலையில் மறுசோதனை. காலையிலிருந்து ஃபோன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். 10.20க்கு, "வந்துருச்சு மாமா." 10.41க்கு, "மறுபடியும்." பதினொன்றுக்கு மனைவி எடுத்தாள். "உங்க உருண்டை இன்னொரு தரம் தலையைக் காட்டுச்சாம்" என்றாள்.

அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. வேலையாக இருப்பாள்.